"வயதானால் அப்படித்தான்" என்பது ஒரு வைத்தியமா?

நமது மக்களுக்கு எந்தக் காரியத்திலும் யோசிக்காமல் தப்பித்துக்கொள்ள நாலைந்து வார்த்தைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. குழந்தை செத்துப்போனால் "கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்" என்பார்கள். பயிர் கெட்டுப்போனால் "கிரகம் சரியில்லை" என்பார்கள். ஒருவன் பட்டினி கிடந்தால் "அவன் தலையெழுத்து" என்பார்கள். இந்த வார்த்தையைச் சொன்னவுடன் மேற்கொண்டு காரணம் தேட வேண்டிய தொல்லை ஒழிந்துபோகிறது. தலையெழுத்தையும் கிரகத்தையும் நம்புவதில்லை என்று மேடையில் வீராவேசமாய்ப் பேசுகிற நம்மவர்களில் பலர்கூட, வீட்டிலுள்ள கிழவர் கிழவிகள் விஷயத்தில் மாத்திரம் அந்த வகையைச் சேர்ந்த மற்றொரு வார்த்தையைக் கூசாமல் சொல்லி வருகிறார்கள். அதுதான் "வயதானால் அப்படித்தான்" என்பது.

கிழவர் இரவெல்லாம் குறட்டை விடுகிறார். வயதானால் அப்படித்தான். குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு ஆற்றில் முங்கி எழுந்தவர் போலத் திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறார். வயதானால் அப்படித்தான். ராத்திரியில் நாலு தடவை ஒன்றுக்கு எழுந்திருக்கிறார். ஒரு நாள் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். வயதானால் அப்படித்தான். பகலில் சோற்றுக் கையோடு தூங்கி விழுகிறார். மகன் பேரை மறந்துபோகிறார். சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் தனக்கு இன்னும் சோறு போடவில்லை என்று மருமகளோடு சண்டைக்கு வருகிறார். இத்தனை சங்கதிகளுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நாம் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். ஆனால் வைத்திய ஆராய்ச்சியோ, இவற்றில் பலவும் ஒரே இடத்திலிருந்து கிளம்பக்கூடும் என்றும், அதில் ஒரு பங்குக்காவது பரிகாரம் உண்டென்றும் சொல்லுகிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் உடம்பில் நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். மனிதன் தூங்கும்போது தசைகள் தளர்கின்றன. தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் தளர்கின்றன. நாக்கும் பின்னால் சரிகிறது. காற்று போகும் வழி குறுகி அதிர்வதுதான் குறட்டை. அந்த வழி முழுதும் அடைபட்டுப்போனால், மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும் காற்று உள்ளே போவதில்லை. இப்படிப் பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு மூச்சடைப்பு என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை உடம்பை உலுக்கி எழுப்புகிறது. தசை இறுகுகிறது, தொண்டை திறக்கிறது, ஆள் மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போகிறார். தொண்டையும் மறுபடி அடைபடுகிறது. இடையில் தாம் விழித்த சங்கதியே அவருக்குத் தெரியாது.

மூச்சு அடியோடு நிற்பதையும் பாதியாய்க் குறைவதையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30-க்கு மேல் கடுமையானது என்பது கணக்கு. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. எட்டு மணி நேரத் தூக்கத்தில் 240 தடவை. ஒரு திடமான வாலிபனை ராத்திரி முழுவதும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல்வளையைப் பிடித்து எழுப்பிக்கொண்டே இருந்தால் மறுநாள் அவனுக்கே புத்தி நிதானத்தில் நிற்குமா என்று கேட்கிறோம். ஏற்கெனவே மறதி நோயால் மூளை தேய்ந்துகொண்டிருக்கும் 75 வயதுக் கிழவர் என்ன பாடுபடுவார்?

ராத்திரியில் ஒன்றுக்குப் போகும் சங்கதியும் இதில் சேர்ந்ததுதான் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். அடைபட்ட தொண்டையை எதிர்த்து மார்பு பலமாய் இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இருதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் மிதமிஞ்சிவிட்டது என்று இருதயம் ஏமாந்துபோய், உப்பையும் நீரையும் வெளியே தள்ளச் சொல்லும் ஒரு சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதன்படி நடக்கிறது. இதற்கு வீட்டார் சர்க்கரை வியாதியையும் புராஸ்டேட் சுரப்பியையும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவையும் காரணமாயிருக்கலாம், ஆனால் அவை மாத்திரமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மற்றொரு வகையும் உண்டு. அதில் தொண்டை அடைபடுவதில்லை. மூச்சை இழு என்று மூளையிலிருந்து போகவேண்டிய உத்தரவே போகாமல் நின்றுவிடும். இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கும், பக்கவாதம் கண்டவர்களுக்கும், அபின் வகை வலி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இது வருவதுண்டு. வைத்தியம் அதற்கு வேறு. ஆகவே குறட்டைச் சத்தத்தை மாத்திரம் கேட்டு நாமாக முடிவு செய்துகொள்ளாமல் டாக்டரிடம் காட்டவேண்டியது அவசியம்.

இந்த வியாதி நேற்றுத் தோன்றியதல்ல. மனிதன் குறட்டை விட ஆரம்பித்த காலந்தொட்டு இருந்திருக்கும். ஆனால் தூங்குகிறவனின் மூச்சு நிற்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தது 1965-இல்தான். பிரான்சில் காஸ்தோ என்பவரின் கூட்டத்தாரும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே அவ்வருஷத்தில் அதைக் கண்டார்கள். 1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்மினோ முதலியவர்கள் அதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பேர் வைத்தார்கள். அது வரையில் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த பரிகாரம், கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடச் செய்வதுதான். 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சலிவன், மூக்கின்மேல் ஒரு மூடியை வைத்து இடைவிடாமல் மிதமான அழுத்தத்தில் காற்றை உள்ளே செலுத்தினால் அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து நிறுத்துகிறது என்று ஐந்து நோயாளிகளிடம் செய்துகாட்டி லான்செட் பத்திரிகையில் எழுதினார். இன்று சீ-பாப் என்று சொல்லப்படும் மெஷின் அதிலிருந்து வந்தது. மந்திரமில்லை, மாயமில்லை, சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிற தத்துவந்தான்.

நிற்க. முதியவர்களிடம் இது எவ்வளவு இருக்கிறது? அமெரிக்காவில் சான்டியாகோ நகரத்தில் சோனியா அன்கோலி-இஸ்ரேல் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 65 வயதுக்கு மேற்பட்ட 427 பேரைப் பரிசோதித்து 1991-இல் வெளியிட்ட கணக்கில், மணிக்குப் பத்தோ அதற்கு மேலோ தடவை மூச்சு நின்றும் குறைந்தும் போனவர்கள் 62 சதவிகிதம். இவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களல்ல, வீடுகளில் சாதாரணமாய் வாழ்ந்தவர்கள். மறதி நோயில் மிகுதியாய்க் காணும் அல்ஜைமர் நோய்க்காரர்களை எடுத்துக்கொண்டால், பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியான மதிப்பு, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மூச்சடைப்பு உண்டு என்கிறது. 2011-இல் கிறிஸ்டின் யாஃபே அம்மையார் வெளியிட்டது இன்னும் யோசிக்கத்தக்கது. சராசரி 82 வயதுள்ள, மறதி நோய் இல்லாத 298 பெண்களின் தூக்கத்தைப் பதிவு செய்துவைத்து, சில வருஷங்கள் கழித்து அவர்களைப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தவர்களில் 44.8 சதவிகிதம் பேருக்கும், இல்லாதவர்களில் 31.1 சதவிகிதம் பேருக்கும் புத்தித் தடுமாற்றமோ டிமென்ஷியாவோ வந்திருந்தது.

இதைக்கொண்டு, மூச்சடைப்புத்தான் மறதி நோயை உண்டாக்குகிறது என்று நாம் சத்தியம் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்றை மற்றதற்குக் காரணமென்று சொல்லிவிட முடியாது. மூளை கெடுவதாலும் மூச்சும் தூக்கமும் கெடக்கூடும். 2024-இல் லான்செட் குழுவினர் மறதி நோய்க்குத் துணைபோகும், மாற்றத்தக்க காரணங்கள் என்று 14-ஐ வரிசைப்படுத்தினார்கள். அதில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, உடற்பருமன், காது கேளாமை முதலியவை இருக்கின்றனவே தவிர, தூக்க மூச்சடைப்புக்குத் தனி இடம் கொடுக்கப்படவில்லை. (முதல் மூன்றும் மூச்சடைப்போடு கைகோத்து நடப்பவை என்பது வேறு விஷயம்.)

மெஷின் வைத்தால் மறதி போய்விடுமா என்றால், அதற்கும் நேர்மையான பதில் "அவ்வளவு சுலபமில்லை" என்பதுதான். 2008-இல் வெளியான ஒரு சோதனையில் அல்ஜைமர் நோயும் மூச்சடைப்பும் சேர்ந்திருந்த 52 பேரில், ஒரு பாதிக்கு மெய்யான மெஷினையும் மறு பாதிக்கு வெறும் போலி மெஷினையும் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். இரு பிரிவையும் ஒப்பிட்டதில் புத்தித் திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு போலி மெஷின்காரர்களுக்கும் மெய்யானதைக் கொடுத்து, எல்லோரையும் மெய்யான மெஷினுக்கு முன்னும் பின்னுமாய்ச் சேர்த்துப் பார்த்தபோது ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. 2014-இல் பிரான்சில் 23 பேரை மூன்று வருஷம் கவனித்ததில், மெஷின் வைத்துக்கொண்டவர்களின் புத்தி மற்றவர்களைவிட மெதுவாய்க் குறைந்தது. ஆனால் 23 பேர் என்பது சின்னக் கணக்கு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையுமல்ல. ஆகவே, "இதை மாட்டினால் அப்பாவுக்கு ஞாபகம் திரும்பிவிடும்" என்று சொல்லி எவனாவது மெஷின் விற்க வந்தால், அவனும் தாயத்து விற்கிறவனும் ஒன்றுதான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பிரயத்தனம்? பகலில் தூங்கி வழிவது குறைகிறது. இது அல்ஜைமர் நோயாளிகளிடமே சோதித்துக் கண்டது. தூக்கம் ஆழமாகிறது, ரத்தக் கொதிப்பு சிலருக்குச் சற்றுத் தணிகிறது, ராத்திரி ஒன்றுக்கு எழுவது குறையக்கூடும், பக்கத்தில் படுத்திருப்பவரும் தூங்குகிறார். மறதி நோய்க்காரருக்கு ஒரு நாளில் நாலு மணி நேரம் தெளிவாய் இருப்பதற்கும், நாள் முழுவதும் மயங்கிக் கிடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும். அந்த நாலு மணி நேரத்தில்தான் அவர் தன் கையால் சாப்பிடுகிறார், பேத்தியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இனி நமது ஜனங்கள் செய்யும் இரண்டு காரியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லவேண்டும். முதலாவது, பேய். கிழவி ராத்திரியில் வீறிட்டுக் கத்துகிறாள், கையைக் காலை உதறி அடிக்கிறாள், "யாரோ நெஞ்சின்மேல் ஏறி அமுக்குகிறான்" என்கிறாள். உடனே பூசாரி வருகிறான், வேப்பிலை வருகிறது, கோழி போகிறது, கையிலிருக்கும் பணமும் போகிறது. சிலர் வீட்டில் கிழவிக்கு அடியும் விழுகிறது. இந்தக் கொடுமையைச் செய்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது: மூச்சடைத்துத் திணறி விழிக்கிறவளுக்கு நெஞ்சை அமுக்குவது போலத்தான் இருக்கும். கனவில் கை கால் வீசிக் கத்துவது, லெவி பாடி என்ற ஒருவகை மறதி நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கடுமையான மூச்சடைப்பே அசலாக அதைப் போல நடித்துக் காட்டுவதும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிய, தூங்கும்போது மூளையையும் தசையையும் மூச்சையும் ஒன்றாய்ப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது. இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. லெவி பாடி நோயாளிக்கு, கத்துகிறார் என்பதற்காக ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்துவிட்டால் உடம்பு மரமாய் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூசாரிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

இரண்டாவது, தூக்க மாத்திரை. பேயை நம்பாத படித்த குடும்பங்களின் பூசாரி இந்த மாத்திரைதான். "ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறார் டாக்டர், எங்களையும் தூங்கவிடவில்லை" என்று கேட்டு வாங்கிவந்து கொடுக்கிறார்கள். டையசிபாம் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகின்றன; மூச்சு நின்றபோது மூளை எழுப்புவதையும் தாமதப்படுத்துகின்றன. குழப்பத்தை அதிகரிக்கின்றன, ராத்திரி எழுந்தால் விழச் செய்கின்றன. சாராயமும் இதே வேலையைச் செய்யும். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சில சளி மாத்திரைகளும் தூக்கம் வரவழைப்பதோடு மறதிக்காரரின் புத்தியை மேலும் கலக்கிவிடும். ஆனால், பல மாதமாய்ச் சாப்பிட்டுவந்த தூக்க மாத்திரையை இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் குறைக்கவேண்டும்.

சரி, இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் மறதி நோய்க்காரருக்கு இரட்டைத் துன்பம். சாதாரண நோயாளியிடம் டாக்டர் "பகலில் தூக்கம் வருகிறதா? காலையில் தலை வலிக்கிறதா?" என்று கேட்பார். மறதிக்காரருக்கு நேற்று ராத்திரி நடந்தது தெரியாது, இன்று காலை நடந்ததும் தெரியாது. பக்கத்தில் படுத்துச் சாட்சி சொல்ல வேண்டிய மனைவியோ புருஷனோ பல வீடுகளில் போய்ச்சேர்ந்திருப்பார். தனி அறையிலோ திண்ணையிலோ கிடப்பவரின் மூச்சை எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்? அன்றியும், இது கழுத்துப் பருத்த ஆண்பிள்ளைகளின் வியாதி என்று ஒரு எண்ணம் பரவிக்கிடக்கிறது. வயதானவர்களில் ஒல்லியானவர்களுக்கும் இது உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் அதிகமாகிறது. எலும்பும் தோலுமாய் இருக்கும் பாட்டிக்கு இது வராது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகையால் வீட்டிலுள்ளவர்கள் ஒரு காரியம் செய்யலாம். இரண்டு மூன்று ராத்திரி, தூங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். விடியற்காலையிலும் ஒரு தடவை பாருங்கள். அந்த வேளையில் சிலருக்கு அதிகமாகும். மூச்சு நிற்கிறதா, எத்தனை எண்ணும்வரை நிற்கிறது, மல்லாந்து படுத்தால் மாத்திரமா அல்லது ஒருக்களித்தாலுமா என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கையிலிருக்கும் டெலிபோனில் பத்து நிமிஷம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அரைமணி நேரம் வாயால் விவரிப்பதைவிட அது அதிகம் சொல்லும். 2020, 2021 கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் விரல் கருவியில் பிராணவாயு திரும்பத் திரும்ப இறங்கி ஏறினால் அதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வியாதி இல்லை என்று ஆகிவிடாது. முறையான பரிசோதனையை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்துச் செய்வது வழக்கம். மறதிக்காரர் பழக்கமில்லாத அறையில் ஒயர்களோடு படுக்க மிரளுவார். கூட ஒருவர் தங்க அனுமதி கேட்கவேண்டும். அல்லது வீட்டிலேயே கட்டிப் பார்க்கும் சிறிய கருவி கிடைக்குமா என்று கேட்கவேண்டும். அதோடு தைராய்டு, பி-12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. இவையும் புத்தியை மந்தப்படுத்துபவை, பரிகாரமுள்ளவை.

மெஷின் வேண்டுமென்று டாக்டர் சொன்னால், "இந்தப் பைத்தியத்தின் மூஞ்சியில் அதை எப்படி மாட்டுவது?" என்பார்கள். (மறதி நோய்க்காரரைப் பைத்தியம் என்பதை நம் வாயிலிருந்து முதலில் ஒழிக்கவேண்டும்.) முடியாது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதற்கு ஆதாரமில்லை. முன்னே சொன்ன சான்டியாகோ ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் 30 அல்ஜைமர் நோயாளிகளைக் கவனித்ததில், அவர்கள் சராசரி ராத்திரிக்கு 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைய மெஷினை வைத்திருந்தார்கள். புத்தி தெளிவாயுள்ளவர்களிலேயே பலர் இவ்வளவு நேரம் வைப்பதில்லை. வைக்க மறுத்தவர்களிடம் அதிகம் கண்டது மனச்சோர்வு.

பழக்குவதில்தான் இருக்கிறது சூட்சுமம். முதல் நாளே ராத்திரியில் மாட்டாதீர்கள். பகலில் மூடியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்க விடுங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிஷம் மூக்கில் பிடியுங்கள். பட்டையைக் கட்டுவது பிறகு, காற்றைத் திறப்பது அதற்கும் பிறகு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிடுங்கி எறிந்தால் திட்டாமல் மறுபடி வைத்துப் பாருங்கள். விழித்துக்கொண்டு எதிர்த்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம் வைத்ததும் வீணல்ல. மூக்கு மாத்திரம் மூடுகிற சின்ன மூடியே இவர்களுக்கு நல்லது. வாயையும் சேர்த்து மூடுவதை, தன் கையால் கழற்றத் தெரியாதவருக்கு வைத்தால் வாந்தி எடுத்தபோது ஆபத்து. மின்சாரம் நின்றால் உடனே கழற்றிவிட யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். மூடியைத் தினம் கழுவவேண்டும்.

கையைக் கட்டிப்போட்டு மெஷின் வைக்கிறவர்களும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். இது வைத்தியமல்ல, சித்திரவதை. "அவருக்கென்ன தெரியும்?" என்கிறார்கள். வாயால் வேண்டாமென்று சொல்லத் தெரியாதவர் கையால் சொல்லுகிறார். சில வாரம் பொறுமையாய்ப் பழக்கியும் ஒவ்வொரு ராத்திரியும் போராட்டமாகவே இருந்தால், மெஷினை ஒதுக்கிவைப்பதில் வெட்கமில்லை. நோய் முற்றிப் படுக்கையில் கிடப்பவரை இதற்காகத் தொந்தரவு செய்வதும் முறையல்ல. அப்போதும் செய்யக்கூடியவை இருக்கின்றன. மல்லாந்து படுக்கும்போது மாத்திரம் அடைபடுகிறவரை, முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தலாம். மூக்கடைப்புக்கு மருந்து போடலாம். சாயந்திரத்துக்கு மேல் காப்பி, டீயை நிறுத்தலாம். பகலில் வெளிச்சத்தில் நடமாடவிட்டு, நீண்ட பகல் தூக்கத்தைக் குறைக்கலாம். தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பல் கருவி ஒன்று உண்டு. பல் போனவர்களுக்கு அது பெரும்பாலும் உதவாது. உடம்பு பெருத்தவர்களின் மூச்சடைப்புக்கு 2024 டிசம்பரில் டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. தானாகவே இளைத்துக்கொண்டு போகும் மறதிக்காரக் கிழவருக்கு, உடம்பை இளைக்க வைக்கும் அந்த ஊசி எதற்கு?

இவ்வளவும் சொல்லிவிட்டோம். ஆனால் ராத்திரி உட்கார்ந்து எண்ணுவது யார், மூடியைக் கழுவுவது யார், இரண்டு மணிக்கு எழுந்து மறுபடி மாட்டுவது யார்? "வீட்டிலுள்ளவர்கள்" என்று நாமும் எழுதிவிட்டோம். நமது நாட்டில் அந்த வார்த்தைக்கு மருமகள் என்று அர்த்தம். மகன் "அப்பாவை நாங்கள் நன்றாய்ப் பார்த்துக்கொள்கிறோம்" என்று நாலு பேரிடம் பெருமை பேசிவிட்டு எட்டு மணி நேரம் தூங்குவான். அந்த "நாங்கள்" என்பதில் அவன் பங்கு ஒன்றுமிராது. பகலில் சமையலும் பிள்ளைகளும், பல வீடுகளில் வெளி வேலையும் செய்கிற பெண்ணை ராத்திரியும் காவல் வைத்தால், இரண்டு வருஷத்தில் அவளுக்கும் ரத்தக் கொதிப்பும் தூக்கக் கேடும் வரும். பெற்ற தகப்பனுக்குச் செய்வது ஆண்பிள்ளைக்கு இழிவா? ஒரு ராத்திரி மகன், ஒரு ராத்திரி மகள், ஒரு ராத்திரி மருமகள் என்று முறை வைத்துக்கொள்ளாத வீட்டில் எந்த மெஷினும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது.

பணச் சங்கதிக்கு வருவோம். மெஷினின் விலை கூலிக்காரன் வீட்டுக்கு எட்டாதது. அதற்குப் பணக்காரர்கள் மாத்திரம் மூச்சுவிட்டால் போதுமென்று இருந்துவிட முடியுமா? நமது தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு இருப்பதாக 2023-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வியாதியின் பேரே சொல்லப்பட்டிருக்காது. தூக்கப் பரிசோதனையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வீடு தேடிவந்து பார்த்து மாத்திரை கொடுப்பது என்பது அதன் ஏற்பாடு. நல்ல காரியம். அப்படி வீடு தேடி வருகிறவர்கள், கொதிப்பை அளக்கும்போதே, "தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? பகலில் உட்கார்ந்தபடி தூங்குகிறாரா? முன்பு இல்லாத மறதி வந்திருக்கிறதா?" என்று மூன்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வதற்குச் சர்க்காருக்குச் செலவு என்ன?

அடுத்தபடியாக, ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் வீட்டில் கட்டிப் பார்க்கும் கருவிகள் சிலவும், காற்று மெஷின்கள் சிலவும் வைத்து, புத்தகசாலையில் புத்தகம் இரவல் கொடுப்பது போலக் கொடுத்து வாங்கவேண்டும். மறதி நோயாளி எத்தனை பேர் இதைப் பழகிக்கொள்வார்கள் என்பது மூன்று நாலு வாரத்தில் தெரிந்துவிடும். பழகாதவரின் மெஷின் அடுத்தவருக்குப் போகட்டும். ஏழை கடன் வாங்கி மெஷின் வாங்கி, கிழவர் பிடுங்கி எறிந்து, அது பரணில் கிடக்க, வட்டி மாத்திரம் வளர்ந்துகொண்டிருக்கும் அவலம் இதனால் தப்பும். மெஷினோடு அதைப் பழக்கிவிட ஒரு ஆளும் வேண்டும். ஆள் இல்லாமல் மெஷினை மாத்திரம் கொடுப்பது பிரயோஜனமில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் நமது ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் தீர்மானம் போடுவதோடு, "வீடு தேடி வரும் சுகாதார ஊழியர்கள் முதியவர்களின் தூக்கத்தையும் மூச்சையும் மறதியையும் விசாரித்துப் பதியவேண்டும், ஜில்லா ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கருவியும் இரவல் மெஷினும் வைக்கவேண்டும்" என்று ஒரு தீர்மானத்தையும் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் எவராவது எழுந்து "வயதானால் அப்படித்தான்" என்று சொன்னால், அவருடைய வயது என்னவென்று கேளுங்கள்.